தபாலைத் திரும்பக் கேட்டவள்

போன வாரம் என் கல்யாணப் பந்தியைப் பற்றி எழுதியதற்கு நாலைந்து பேர் கடிதம் போட்டிருந்தீர்கள். இன்னும் சாப்பாடு பற்றி எழுதச் சொல்கிறீர்கள். இந்த வாரம் சாப்பாடு இல்லை. மூன்று காபி மட்டும் உண்டு, அதுவும் பயத்தில் குடித்தது.

தபாலாபீஸ் கவுண்ட்டரில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன். அந்தப் பக்கம் காதர் பாய். அவர் கையில் நான் காலையில் போட்ட பழுப்பு உறை. மேஜையில் நான் இப்போது எழுதிக் கொடுத்த வெள்ளைக் காகிதம். இரண்டிலும் ஒரே விலாசம், சென்னையில் இருந்த ஒரு வாரப்பத்திரிகை ஆசிரியருடையது. பாய் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஒத்துப் போகலியே தங்கச்சி" என்றார்.

"ரெண்டும் நான் எழுதுனதுதான் பாய்."

"நீங்க சொல்றீங்க. எழுத்து சொல்ல மாட்டேங்குதே. உறையில எழுத்து குண்டு குண்டா இருக்குது. இதுல ஒண்ணொண்ணும் ஒரு பக்கம் போவுது."

கை நடுங்கினால் எழுத்து எங்கே நேராக நிற்கும்? எனக்கு உள்ளங்கை வேர்த்து, பேனாவே வழுக்கிக்கொண்டிருந்தது.

போட்ட தபாலைத் திரும்ப வாங்கலாம் என்பது உங்களில் பல பேருக்குத் தெரியாது. மூட்டை கட்டி ரயிலுக்குப் போவதற்குள் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். உறையில் இருப்பது நம் கையெழுத்துதான் என்று காட்ட அதே விலாசத்தை அவர்கள் முன்னால் எழுதிக் காட்ட வேண்டும். யாரும் வந்து அடுத்தவர் தபாலை வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாதல்லவா, அதற்கு. கடலூரில் அந்த விதியைக் கரைத்துக் குடித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் காதர் பாய். இன்னொருத்தி நான்.

அது மூன்றாவது தடவை. பாய் உள்ளேயிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பெஞ்சில் உட்கார வைத்தார். "குடிச்சிட்டு நிதானமா எழுதுங்க. மூட்டை கட்ட இன்னும் அர மணி இருக்குது" என்றார். எழுதினேன். இந்தத் தடவை ஒத்துப் போயிற்று.

உறையைக் கொடுக்கும்போது சொன்னார்: "இருபது வருஷமா இந்த ஸீட்ல இருக்கேன். தபாலு வரலன்னு சண்டைக்கு வருவாங்க. போயிடக் கூடாதுன்னு ஓடி வர்றது நீங்க ஒருத்தர்தான்."

வெட்கமாக இருந்தது. ஆனால் உறை கைக்கு வந்ததும் உடம்பு முழுக்க ஒரு சுகம் பரவியது பாருங்கள், அதைச் சொல்ல வேண்டும். அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் கதையை வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டேன். முன்னால் இரண்டு கதைகள் போன இடமும் அதுதான்.

எடுத்தேன் டீச்சர்

நான் என்ன கெட்ட கதையா எழுதிவிட்டேன் என்று கேட்பீர்கள். கெட்ட கதை என்று பயந்திருந்தால் பரவாயில்லை. என் பயமே வேறு. நன்றாக இருக்கிறதே, அப்படியானால் இது என்னுடையதாக இருக்காது என்ற பயம்.

இது எங்கே ஆரம்பித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எட்டாம் வகுப்பு. எங்கள் ஊரில் வெள்ளம் என்று ஒரு கட்டுரை. கெடிலம் ஆற்றில் தண்ணீர் ஏறிய அன்று தெருவே மேட்டுக்கு ஓடியது, எங்கள் அப்பா மட்டும் வீட்டுக்குள் இன்னொரு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருந்தேன். உண்மையில் நடந்தது அது.

டீச்சர் அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். வகுப்பு சிரித்தது. எனக்குப் பெருமையில் காது சூடாகியது. அப்புறம் டீச்சர் கேட்டார், "எதைப் பார்த்து எழுதுன?"

இல்லை டீச்சர் என்றேன். நிற்க வைத்தார். அந்தப் பீரியட் முழுக்க நின்றேன். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் "சொல்லிட்டு உக்காரு" என்பார். மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது என் வாயிலிருந்து அது வந்தது. "எடுத்தேன் டீச்சர்."

உட்காரச் சொன்னார். உட்கார்ந்ததும் கால் வலி போய்விட்டது. செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டால் எவ்வளவு நிம்மதி என்று பதிமூன்று வயதில் தெரிந்துகொண்டேன்.

கூத்து இதற்கு அப்புறம்தான். "நாளைக்கு அந்தப் புத்தகத்தக் கொண்டா" என்றார். இல்லாத புத்தகத்தை எங்கே போய்க் கொண்டுவருவது? நான் தேட ஆரம்பித்தேன். மெய்யாகவே தேடினேன். பள்ளிக்கூட அலமாரி, மாமா வீட்டுப் பரண், எதிர்வீட்டு அக்கா வைத்திருந்த மாத நாவல்கள். தேடத் தேட, எங்கேயோ படித்துத்தான் இருப்போம் போல என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. நாலு நாள் கழித்து டீச்சர் வேறு யாரையோ நிற்க வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்கவே இல்லை. நான் மட்டும் தேடிக்கொண்டிருந்தேன்.

பைண்டு புத்தக வேட்டை

கல்யாணமாகி வந்த பிறகு பொழுது போகாமல் ஒரு கதை எழுதினேன். என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. அவரே ஆபீஸ் போகிற வழியில் அதைத் தபாலில் போட்டுவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காதர் பாயோடு என் சிநேகம் அன்றைக்கே ஆரம்பித்திருக்கும். கதை அச்சில் வந்துவிட்டது.

அது வந்த வாரமே அதே பத்திரிகையில் ஒரு மூலையில் கட்டம் கட்டி ஒரு செய்தி. போன மாதம் வெளியான ஒரு கதை, பழைய பத்திரிகை ஒன்றிலிருந்து எடுத்தது என்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள், வருந்துகிறோம், அந்த எழுத்தாளரின் படைப்புகளை இனி வெளியிட மாட்டோம் என்று. பேரும் ஊரும் போட்டிருந்தார்கள். அந்த ஊர்க்காரர் அன்று கடைத்தெருவுக்கு எப்படிப் போனாரோ. அந்தக் கட்டத்தை எத்தனை தரம் படித்தேன் என்று கணக்கில்லை.

அப்போதெல்லாம் தெருவுக்குத் தெரு பெண்கள் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்திருப்பார்கள். நான் ஒரு கதை எழுதி முடித்தவுடன் செய்கிற முதல் வேலை, அந்த பைண்டுகளை வீடு வீடாக இரவல் வாங்கி வந்து, என் கதை அதில் இருக்கிறதா என்று பார்ப்பது. எங்கள் தெருவில் எனக்குப் பெரிய படிப்பாளி என்று பேர். திருடி ஒருத்தி தன்னைத்தானே பிடிக்க அலைந்துகொண்டிருந்தாள் என்பது யாருக்கும் தெரியாது.

என் கதை அதில் இருக்காது. இல்லையென்று தெரிந்ததும் ஒரு மணி நேரம் நிம்மதி. பிறகு, பார்க்காத பைண்டுகள் எத்தனை இருக்கும் என்று தோன்றும். திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும், விருத்தாசலத்தில் இருக்கும், மங்கலம்பேட்டையில் ஒரு வீட்டுப் பரணில் இருக்கும். அந்த வீட்டுக்காரர் என் கதையைப் படித்துவிட்டு, பத்திரிகைக்கு எழுதிப் போடக் கார்டு வாங்கப் போகிறார். அவ்வளவுதான், எழுந்து தபாலாபீஸுக்கு ஓடுவேன்.

ஆசிரியர் பாவம், நல்ல மனிதர். பொங்கல் மலருக்குக் கதை கேட்டு எழுதியிருந்தார். நான் இதோ அனுப்புகிறேன் என்று கார்டு போடுவேன், கதையைப் போடுவேன், திரும்ப வாங்குவேன். மூன்றாவது கதையும் அடுப்புக்குப் போன இரண்டு நாளில் அவரிடமிருந்து கடிதம். "இம்மாத இறுதிக்குள் கதை வராவிடில் தங்களுக்கென ஒதுக்கிய பக்கங்களை வேறொருவருக்கு அளிக்க நேரும். பின்னர் தங்களிடம் கேட்பதற்கும் தயக்கமாக இருக்கும்."

அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. இது போனால் எல்லாம் போனது. அப்புறம் நான் வீடு பெருக்குகிற நேரத்தில் மனசுக்குள் கதை சொல்லிக்கொள்ளலாம், அதை யாரும் தடுக்கப் போவதில்லை.

நாத்தனாரும் அரைகுறைக் காகிதமும்

என் நாத்தனார் விமலா அப்போது சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருந்து பி.டி. என்ற ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரரின் ஒரே தங்கை. சனிக்கிழமை தோறும் அழுக்குத் துணி மூட்டையோடு வருவாள். அந்தச் சனிக்கிழமை வெந்நீர் போட உட்கார்ந்தவள், பாதி எரிந்த ஒரு தாளை அடுப்பிலிருந்து இடுக்கியால் எடுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நல்லாருக்குதே. மீதி எங்க?"

"எங்கயாச்சும் படிச்சிருக்கியா?"

"இல்லியே."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"இல்ல அண்ணி."

சாப்பிடும்போது கேட்டேன். கோலமாவு சலிக்கும்போது கேட்டேன். மறுநாள் பஸ் ஏற்றிவிடப் போனபோது கேட்டேன். அவள் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னாள், "அண்ணி, இதோட ஒம்போது வாட்டி கேட்டுட்டீங்க. நான் ஒம்போது வாட்டியும் இல்லன்னேன். ஒரு வாட்டியாச்சும் உங்களுக்குப் போதலியே, ஏன்?"

பஸ் போய்விட்டது. நான் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றேன். ஏன் போதவில்லை?

விமலாவுக்குக் கல்வி உளவியல் என்று ஒரு பாடம். அதில் ஒரு பிள்ளையைப் பற்றிக் கவனித்து எழுதிக் கொடுக்க வேண்டும், கேஸ் ஸ்டடி என்பார்கள். அவளுக்குக் கிடைத்த பையன் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிட்டான். நான் மாட்டினேன். அவள் நோட்டில் நான், "ர. என்ற மாணவன், ஏழாம் வகுப்பு, கட்டுரை எழுத அஞ்சுபவன்." எனக்கு இருபத்தேழு வயது. கல்யாணமாகி ஆறு வருஷம்.

முதலில் கொண்டுவந்த வைத்தியம் படுதோல்வி. தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, நான் நன்றாக எழுதுவேன், எழுதுவது என்னுடையதே என்று இருபது தடவை சொல்ல வேண்டுமாம். நாலாம் நாள், கண்ணாடியில் தெரிந்தவள் சொல்வதை நான் நம்பவில்லை. நம்பவில்லை என்பதோடு, இவள் ஏன் இத்தனை தரம் சொல்கிறாள், ஏதோ இருக்கிறது என்று சந்தேகமும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் வேறு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "யாரு கூட பேசுறே ரஞ்சிதம்" என்று கேட்டாள்.

ஒன்றிலிருந்து பத்து

அடுத்த சனிக்கிழமை விமலா வேறு ஒன்று சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே அவ்வளவு நிச்சயம் இல்லை.

"எங்க லெக்சரர் கிளாஸ்ல நாய்க்குப் பயப்படுற கொழந்தையப் பத்திச் சொன்னாரு அண்ணி. நாய் வர்றப்பல்லாம் கொழந்தயத் தூக்கினு ஓடினா அழுகை நிக்கும். ஆனா அடுத்த வாட்டி பயம் ஜாஸ்தியாவும். ஓடுனதாலதான் தப்பிச்சோம்னு அது நெனச்சுக்கும். நாயைத் தூரத்துல கட்டிட்டு, கொழந்தயும் அங்கயே இருந்தா, கொஞ்ச நேரத்துல அழுகை தானா நின்னுடுமாம்."

"நான் என்னா கொழந்தயா?"

"தபாலாபீஸுக்கு ஓடுறீங்க இல்ல? பைண்டத் தேடுறீங்க இல்ல? என்கிட்ட ஒம்போது வாட்டி கேட்டீங்க இல்ல? எல்லாம் ஓடுறதுதான் அண்ணி. ஒரே ஒரு வாட்டி ஓடாம நின்னு பாருங்க. அது எவ்வளவு ஏறுது, எப்ப எறங்குதுன்னு நான் எழுதிக்கறேன்."

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அவளே ஒரு கணக்கு வைத்தாள். ஒன்று என்றால் மதியத் தூக்கம். பத்து என்றால் கிணற்றில் விழுந்தது. மூன்று விதிகள். பைண்டு தேடக் கூடாது. யாரிடமும் கேட்கக் கூடாது. தபாலைத் திரும்பக் கேட்கக் கூடாது.

எனக்குக் கோபம் வந்தது. சின்னப் பெண், நேற்று வரைக்கும் நான் பின்னிவிட்ட ஜடை, எனக்கு விதி வைக்கிறாளே என்று. ஆனால் ஆசிரியர் கொடுத்த கெடுவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அந்த எட்டு நாளில் ஆறு நாள் எழுதினேன். கதை இதுதான். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டு பெண்கள். ஒருத்தி புருஷனுக்கும் இன்னொருத்தி மகனுக்கும் தினமும் சாப்பாடு கொண்டுவருகிறார்கள். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்குகள் இரண்டும் மாறிப்போய்விடுகின்றன. இருவருக்கும் தெரிகிறது. இருவரும் சொல்லவில்லை. மறுநாள் வேண்டுமென்றே மாற்றி வைக்கிறார்கள். ஒரு வாரம் போகிறது. ஒருநாள் ஒரு தூக்கு வரவில்லை.

எழுதி முடித்து மறுபடி படித்தேன். நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. ஐயோ, இது யாருடையது?

பேமிலி ரூம்

கடலூரில் போட்டால் காதர் பாய் இருக்கிறார், என் கால் தானாகப் போய்விடும். அதனால் சிதம்பரத்துக்கு வரச் சொன்னாள் விமலா. பஸ்ஸில் மடியில் உறையை வைத்துக்கொண்டு போனேன். ஆலப்பாக்கம் தாண்டும்போதே ஐந்து. பரங்கிப்பேட்டைக்குத் திரும்புகிற இடத்தில் ஆறு.

சிதம்பரத்தில் ஒரு வீதி முனையில் தபால் பெட்டி. எதிரே ஒரு ஹோட்டல். அதில் பெண்கள் உட்கார பேமிலி ரூம், ஜன்னலுக்குத் திரை. திரையை விலக்கினால் பெட்டி தெரியும். பெட்டித் தகட்டில், அடுத்துத் தபால் எடுக்கிற நேரம் ஒன்றரை மணி என்று இருந்தது. நான் உறையைப் போட்டபோது மணி பதினொன்றே கால்.

உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. அதற்குள் கை, பெட்டியின் வாயில் போய்விட்டது. விமலா என் முழங்கையைப் பிடித்து ஹோட்டலுக்குக் கூட்டிப் போனாள்.

"எவ்வளவு அண்ணி?"

"எட்டு."

எழுதிக்கொண்டாள். காபி வந்தது. எனக்கு அதில் டிகாஷன் இருந்ததா சர்க்கரை இருந்ததா தெரியாது.

"விமலா, அந்தத் தூக்கு மாறுறது..."

"கேக்கக் கூடாது."

"கேக்கலடி. சும்மா சொல்றேன். அந்த மாதிரி ஒரு கத..."

"அண்ணி, அது கேக்குறதுதான். நான் பதில் சொல்ல மாட்டேன். எவ்வளவு?"

"ஒம்போது" என்றேன். அவளை அடிக்க வேண்டும் போல் இருந்தது. மங்கலம்பேட்டைப் பரணில் அந்த வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறிக்கொண்டிருந்தார். கட்டம் கட்டிய செய்தியில் ரஞ்சிதம் தணிகாசலம், கடலூர் என்று அச்சாகிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. நான் அழுதேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். இரண்டாவது காபி கொண்டுவந்த சர்வர், வந்த வேகத்தில் திரும்பிவிட்டார்.

விமலா ஆறுதல் சொல்லவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை, "எவ்வளவு?" ஒன்பது. ஒன்பது. எட்டரை. அரை எல்லாம் கிடையாது என்றாள். அப்படியானால் எட்டு என்றேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவள் கேட்டபோது யோசித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

"அஞ்சு" என்றேன்.

"என்னா செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலியே."

இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அவளுக்கும் ஆச்சரியம்தான். நாய்க்குழந்தை விஷயத்தை அவள் பரீட்சைக்காகத்தான் படித்திருந்தாள், மெய்யென்று நினைத்திருக்கவில்லை. எனக்கோ, என்னை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று தோன்றியது. இத்தனை நாளும் காதர் பாயிடமிருந்து உறையை வாங்கினால்தான் அது இறங்கும் என்று நினைத்திருந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தாலும் அது இறங்குமாமே.

ஒன்றரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது காக்கிச் சட்டைக்காரர் சைக்கிளில் வந்தார். பையை எடுத்துக்கொண்டு பெட்டிப் பூட்டில் சாவியைப் போட்டார்.

நான் எழுந்துவிட்டேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. கை, திரையைப் பிடித்திருந்தது. ஐயா, அந்தப் பழுப்பு உறை என்னுது, கொஞ்சம் குடுங்க என்ற வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. அழுதால் கொடுத்துவிடுவார், இரக்கமான முகம்.

விமலா எழுந்திருக்கவில்லை. வழியை மறிக்கவும் இல்லை. "போறதுன்னா போங்க அண்ணி. நான் தடுக்க மாட்டேன். எவ்வளவுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க" என்றாள்.

"பத்து."

குனிந்து எழுதினாள். நான் திரையைப் பிடித்தபடி நின்றேன். அவர் தபாலை அள்ளிப் பையில் போட்டார். நடுவில் என் பழுப்பு உறை ஒரு கணம் தெரிந்தது. பெட்டியைப் பூட்டினார், தகட்டை மாற்றினார், பீடி ஒன்று பற்ற வைத்தார், சைக்கிள் ஏறிப் போய்விட்டார்.

நான் உட்கார்ந்து மூன்றாவது காபியைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது. அதில் சர்க்கரை ஜாஸ்தி என்பது தெரிந்தது.

வங்காளக் கதை

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதவே வேண்டியதில்லை. கதை பொங்கல் மலரில் வந்தது. தெருவில் எல்லோரும் படித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, அந்தத் தூக்கு ஏன் வரவில்லை என்று என்னையே கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். எனக்கு மெய்யாகவே தெரியாது.

மூன்று வாரம் கழித்து ஆசிரியரிடமிருந்து ஓர் உறை. என் கடிதங்கள் வீட்டுக்காரர் பேருக்குத்தான் வரும். மத்தியானம் சாப்பிட வந்தவர் பிரித்துப் படித்துவிட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். கை கழுவி வந்து என் எதிரே உட்கார்ந்து கடிதத்தை நீட்டினார்.

ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வங்காளக் கதையின் மொழிபெயர்ப்பில் இதே சம்பவத்தைப் படித்த ஞாபகம், கதையின் பெயர் நினைவில்லை, கதாசிரியை அதை எடுத்தாண்டிருக்கிறார் என்று தோன்றுகிறது. அந்தக் கடிதத்தின் நகலோடு பத்திரிகை ஆசிரியர் நாலு வரி: தங்கள் விளக்கத்தை உடனே எழுதவும். அடுத்த இதழ் அச்சுக்குப் போவதற்குள் கிடைத்தால் நலம்.

நான் பத்து வருஷத்துக்கு மேல் எதைக் கண்டு பயந்து ஓடிக்கொண்டிருந்தேனோ, அது என் வீட்டுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

"ரஞ்சி, ஒண்ணு கேக்குறேன். கோச்சுக்காத" என்றார் வீட்டுக்காரர். "எங்கயாச்சும் படிச்சதா?"

நான் அந்த நகலை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

"தெரிஞ்சோ தெரியாமலோ வந்திருக்கும். பரவால்ல. நானே ரெண்டு வரி எழுதித் தரேன். வருந்துறேன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டுடு. முடிஞ்சு போயிடும்."

அவர் நல்லவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். முடிந்து போய்விடும் என்று அவர் சொன்ன விதத்தில் உண்மையான பரிவு இருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்க மாட்டார். நான் எழுத மாட்டேன், யாரும் எழுதச் சொல்ல மாட்டார்கள், பயமும் இருக்காது.

அந்த ஆமாம் தொண்டை வரைக்கும் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது, அதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அந்த வங்காளக் கதையை நான் படித்தது எனக்கு ஞாபகம் வந்தது. இடது பக்கம், கீழே ஒரு படம், படத்தில் இரண்டு பெண்கள், தாளில் எண்ணெய்க் கறை. அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் தோன்றியது, இந்தப் படத்தையும் இப்போது நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். கதை கட்டுகிற அதே மூளை, உட்கார்ந்த இடத்தில் எனக்கு எதிராகச் சாட்சியும் கட்டுகிறது.

விமலா சிதம்பரத்தில் இருந்தாள். எவ்வளவு என்று கேட்க ஆள் இல்லை. நானே கேட்டுக்கொண்டேன். பத்து.

"இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கரகரவென்று கேட்டது. "நான் எழுதுனது."

"இல்ல ரஞ்சி, ஒருவேள..."

"ஒருவேள எல்லாம் இல்ல. அப்பாவுக்கு ஒடம்பு முடியாம ஆஸ்பத்திரியில இருந்தப்போ ஜன்னல்ல ஒரே மாதிரி ரெண்டு தூக்கு வச்சிருந்துச்சு. அதத்தான் நான் பார்த்தேன். மாறுனது, சொல்லாம இருந்தது, வராமப் போனது எல்லாம் நான் கட்டுனது. ராத்திரி பகலா ஆறு நாள் இந்தக் கூடத்துல உக்காந்து கட்டுனேன். நீங்கதான் பாத்தீங்களே."

அவர் தரையைப் பார்த்தார். "பாத்தேன்" என்றார். அப்புறம், "நான் கேட்டது தப்பா?" என்றார்.

"தப்புதான்" என்றேன். அதுவரைக்கும் நான் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

அவர் ஆபீஸுக்குப் போன பிறகு எழுத உட்கார்ந்தேன். கதை என்னுடையது, வேறெங்கிருந்தும் எடுக்கவில்லை, பிரசுரித்ததற்கு நன்றி என்று மூன்று வரி. கீழே முழுப் பேர். இறங்கட்டும், அப்புறம் போய்ப் போடலாம் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அன்றைக்கு அது இறங்கவே இல்லை. மூட்டை கட்டுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. விமலாவின் நோட்டில் இதற்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சரி, பத்தோடே போவோம் என்று எழுந்து, வேர்த்த கையோடு போய்ப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அந்தச் சனிக்கிழமை விமலா வந்து நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, அது எத்தனை மணிக்கு இறங்கியது அண்ணி என்று விடாமல் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த கையோடு அடுத்த கதையை ஆரம்பித்திருந்தேன், கவனிக்கவில்லை.